தேடல் வருகை பாதியாகக் குறைந்தால் முதலில் எதைப் பிரித்துப் பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: “மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஐந்தாண்டுகளாக ஓர் இணையதளம் நடத்துகிறேன், வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் அமைந்தது. 2025 ஆடி மாதத்தோடு ஒப்பிட்டால் கார்த்திகையில் கூகுள் வழியாக வருவோர் பாதியாகிவிட்டனர். சர்ச் கன்சோலில் (தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி) செப்டம்பர் நடுவிலேயே இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் தளம் தோன்றிய தடவை) எண்ணிக்கை செங்குத்தாக இறங்கியிருக்கிறது. அந்த மாதக் கடைசியில் புதிய தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) ஒன்றுக்கு மாறினேன். கன்சோல் காட்டும் கிளிக்குகளும் அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருவோரை எண்ணும் கூகுள் கருவி) காட்டும் வருகைகளும் ஒத்துப்போவதே இல்லை. மாதக் கட்டணத்துக்கு நூறு பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தருவதாகவும், முதலிடத்துக்கு உத்தரவாதம் என்றும் ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?”

அந்த நிறுவனத்துக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். தளத்திலும் அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள். பருவம் மாறியது, கணக்கிடும் முறை மாறியது, தீம் மாறியது என்று மூன்று தனித்தனி நிகழ்வுகள் உங்கள் கேள்வியில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரிக்காமல் நான்காவதாக ஒரு மாற்றத்தையும் அதன் மேல் ஏற்றினால், பிறகு எது எதனால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். பதினைந்து ஆண்டுகளாகச் சிறிய தளங்களைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருகை குறைந்ததால் கெட்டுப்போன தளங்களைவிட, குறைந்ததைக் கண்டு பதறிச் செய்த திருத்தங்களால் கெட்டுப்போன தளங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கிளிக் என்பது மூன்றின் விளைவு: அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடினார்கள், முடிவுகளில் நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள், கண்ணில் பட்டவர்களில் எத்தனை பேர் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த மூன்றில் எது குறைந்தது என்பதைக் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையே காட்டிவிடும். இடம் அப்படியே இருந்து இம்ப்ரெஷன் மட்டும் குறைந்திருந்தால், தேடுவோர் குறைந்திருக்கிறார்கள். இடம் சரிந்திருந்தால் போட்டியோ, கூகுளின் மதிப்பீடோ, உங்கள் தளத்தின் பழுதோ காரணம். இடமும் இம்ப்ரெஷனும் மாறாமல் கிளிக் மட்டும் குறைந்திருந்தால், முடிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கிறது. உங்களுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையோ காணொளி வரிசையோ வந்து உட்கார்ந்திருக்கலாம். தளத்தின் மொத்தச் சராசரியை வைத்து இதைக் கணிக்க முடியாது. ஏனென்றால் புதிய கட்டுரை ஒன்று அறுபதாவது இடத்தில் தோன்றத் தொடங்கினாலே மொத்தச் சராசரி இடம் மோசமாகும்; உண்மையில் நீங்கள் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள். அதிகக் கிளிக் தந்த இருபது பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் முதன்மையான ஐந்தாறு தேடல் சொற்களைப் பாருங்கள். ஒரு முழுநாள் வேலை இது, ஆனால் வேறு குறுக்கு வழி இல்லை.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்று சொல்லும் ஊரில், விதைப்பு பற்றிய தளத்துக்கு ஆடியில் கூட்டம் வருவதும், மழை கொட்டும் கார்த்திகையில் மாடிப் பக்கம் யாரும் போகாததும் இயல்பு. ஆடியையும் கார்த்திகையையும் ஒப்பிடுவதே தவறு. 2025 கார்த்திகையை 2024 கார்த்திகையோடு ஒப்பிட வேண்டும். கன்சோலில் தேதிகளை நீங்களே குறித்து ஒப்பிடும் வசதி இருக்கிறது. இரு பக்கமும் முழு வாரங்களாக, அதாவது 28 நாள்களாக எடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைகள் கூடிக் குறைந்து கணக்கைக் குழப்பாது. பண்டிகை வாரங்களையும் கவனியுங்கள்: தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. கூடவே கூகுள் ட்ரெண்ட்ஸில் உங்கள் முதன்மைச் சொற்களைத் தமிழ்நாடு என்ற எல்லைக்குள் ஐந்தாண்டுகளுக்குப் போட்டுப் பார்த்தால், ஏற்ற இறக்கம் உங்களுடையதா, எல்லாருடையதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது செப்டம்பர் வீழ்ச்சி. இதில் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும்படி கேட்கும் வசதி ஒன்று கூகுளின் தேடல் முகவரியில் நெடுநாளாக இருந்தது. மனிதர்கள் அதை அரிதாகவே பயன்படுத்தினார்கள். தரவரிசையைச் சோதிக்கும் மென்பொருள்களே அதை நம்பி இயங்கின. அவை நூறு முடிவுகளை ஏற்றும் ஒவ்வொரு முறையும், எழுபதாவது இடத்தில் இருந்த உங்கள் பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் ஏறியது. 2025 செப்டம்பர் நடுவில் அந்த வசதி வேலை செய்யாமல் போனது. அதே நாள்களில் உலகெங்கும் ஏராளமான தளங்களுக்கு இம்ப்ரெஷன் சரிந்து, சராசரி இடம் திடீரென மேம்பட்டது. உங்கள் வரைபடத்திலும் இம்ப்ரெஷன் இறங்கிய அதே நாளில் சராசரி இடம் உயர்ந்து, கிளிக் மட்டும் அசையாமல் இருந்தால், இழந்தது வாசகர்களை அல்ல, இயந்திரங்களின் நிழலை மட்டுமே.

தேடல் தரவரிசை முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றங்களையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோர் அப்டேட் என்று சொல்லப்படும் இவற்றின் தொடக்க, முடிவு நாள்களைக் கூகுளே தன் தேடல் நிலைப் பலகையில் வெளியிடுகிறது. 2024 மார்ச் 5 அன்று தொடங்கியது 45 நாள்கள் நீடித்தது. 2025 ஜூன் 30 அன்று தொடங்கியது ஜூலை 17 வரை நடந்தது. அந்த ஜூலை 17 தான் ஆடி முதல் நாள். உங்களைப் போன்ற தளத்துக்கு இது முக்கியம். ஆடியின் ஏற்றம், அப்டேட்டால் வந்த இறக்கத்தை மறைத்திருக்கக்கூடும். பருவம் ஓய்ந்த பிறகு அது வெளியே தெரியலாம். ஆகவே 2024 ஆடியின் தரவு உங்களிடம் இன்னும் இருந்தால், 2025 ஆடியை அதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தாலும், முக்கியச் சொற்களில் இடம் சரிந்திருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

இனித் தீம். மூன்றில் உண்மையான பழுது இருக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியின் தளத்தைப் புதிதாக வடிவமைத்தவர், சோதனை இடத்தில் வேலை செய்தபோது, தேடுபொறிகள் இதைப் பட்டியலிட வேண்டாம் என்ற பெட்டியில் குறியிட்டிருந்தார். வேர்ட்பிரஸின் ரீடிங் அமைப்பில் இருக்கும் அந்தச் சிறிய பெட்டி, 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, எல்லாப் பக்கங்களிலும் நோஇண்டெக்ஸ் கட்டளையைப் பதித்துவிடுகிறது. தளத்தைச் சோதனை இடத்திலிருந்து நேரடிப் பயன்பாட்டுக்கு மாற்றியபோது குறியை எடுக்க மறந்துவிட்டார். பக்கங்கள் ஒரே நாளில் மறையவில்லை. கூகுள் ஒவ்வொன்றாக வந்து பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதனால் தலைமையாசிரியருக்குக் காரணமே பிடிபடவில்லை. நான் பார்த்தபோது பாதிப் பக்கங்கள் போயிருந்தன, அவை திரும்பி வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று.

எனவே கன்சோலின் பேஜஸ் அறிக்கையைத் திறந்து, பட்டியலிடப்படாத பக்கங்களுக்கு அது சொல்லும் காரணங்களைப் படியுங்கள். நோஇண்டெக்ஸ் என்பதன் எண்ணிக்கை செப்டம்பர் கடைசிக்குப் பிறகு ஏறியிருக்கிறதா? 404 (பக்கம் இல்லை என்ற பிழை) ஏறியிருக்கிறதா? கூகுள் வேறொரு முகவரியைக் கேனானிக்கலாக, அதாவது ஒரே உள்ளடக்கத்தின் முதன்மை முகவரியாக, தேர்ந்தெடுத்திருக்கிறதா? பிறகு முக்கியமான ஐந்து பக்கங்களை, ஒரு முகவரியைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் கொடுத்து, நேரடிச் சோதனையை ஓட்டி, கூகுள் பார்க்கும் நிரல்வரியில் உங்கள் கட்டுரை முழுவதும் இருக்கிறதா என்று தேடுங்கள். சில தீம்கள் கட்டுரையின் பின்பாதியைப் பொத்தான் அழுத்தினால் மட்டும் கொண்டுவருகின்றன. கூகுள் பொத்தான் அழுத்துவதில்லை. இந்தச் சோதனையில் பலரும் செய்யும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஒரு பக்கத்தை முடிவுகளிலிருந்து நீக்க விரும்பி, நோஇண்டெக்ஸும் போட்டு, தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுகிறார்கள். தடுத்துவிட்டால் கூகுள் உள்ளே வராது. உள்ளே வராததால் நோஇண்டெக்ஸைப் படிக்காது. பக்கம் விளக்கமில்லாத வெறும் முகவரியாக முடிவுகளில் தங்கிவிடலாம்.

தீம் மாற்றத்தில் யாரும் கவனிக்காத இழப்பு, உள் இணைப்புகள். பழைய தீமில் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் தொடர்புடைய ஆறு கட்டுரைகளும், ஓரத்தில் வகைப்பட்டியலும் இருந்திருக்கும்; புதியதில் அவை இல்லாமல் போயிருந்தால், ஐந்தாண்டுக் கட்டுரைகளில் பெரும்பகுதி முகப்பிலிருந்து எட்ட முடியாத மூலைக்குப் போய்விட்டன என்று பொருள். சைட்மேப் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்; அது முகவரிகளைத் தெரிவிக்குமே தவிர, எது முக்கியம் என்று சொல்லாது. கத்தரிச் செடியின் பூ உதிர்வு பற்றி எழுதும்போது அசுவினி பற்றிய பழைய கட்டுரைக்கு வாக்கியத்தின் உள்ளேயே இணைப்புக் கொடுங்கள். வாசகருக்கும் அது உதவி, தேடுபொறிக்கும் அதுவே வழிகாட்டி.

கிளிக்கும் வருகையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டீர்கள். இரண்டும் வெவ்வேறு வாசலில் நின்று எண்ணுகின்றன. ஒத்துப்போகவே போகாது, போக வேண்டியதும் இல்லை. கன்சோல், கூகுளின் முடிவுப் பக்கத்தில் நின்று கிளிக்கை எண்ணுகிறது. அனலிட்டிக்ஸ், உங்கள் பக்கம் திறந்து ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே எண்ணத் தொடங்குகிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் பக்கம் முழுதாக ஏறும் முன் திரும்பியவரும், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரும் அதன் கணக்கில் வரமாட்டார்கள். கன்சோலின் நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி ஓடுகிறது, அதாவது கோடையில் நம் பகல் பன்னிரண்டரை மணிக்கு அங்கே புது நாள் பிறக்கிறது. அனலிட்டிக்ஸ் நீங்கள் அமைத்த இந்திய நேரப்படி எண்ணும். மேலும் அனலிட்டிக்ஸின் ஆர்கானிக் தேடல் (விளம்பரமல்லாத தேடல் முடிவுகள்) என்ற தலைப்பில் பிங், டக்டக்கோ ஆகியவற்றின் வருகையும் சேர்ந்திருக்கும். ஒப்பிட வேண்டுமானால் கூகுள் ஆர்கானிக்கை மட்டும் பிரித்தெடுங்கள். இரண்டு எண்ணும் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல், இரண்டும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். கிளிக் நிலையாக இருந்து வருகை மட்டும் திடீரென விழுந்தால், பெரும்பாலும் புதிய தீமில் அனலிட்டிக்ஸின் நிரல் சில பக்கங்களில் விடுபட்டிருக்கும்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பகிரப்பட்ட இணைப்பு வழியாக வருவோரில் பெரும்பாலோர் அனலிட்டிக்ஸில் டைரக்ட் (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்) என்றே பதிவாகிறார்கள். குழுவில் நீங்களே பகிரும் இணைப்புகளுக்கு யூடிஎம் குறிப்பு (எங்கிருந்து வந்தார் என்று காட்ட முகவரியின் கடைசியில் சேர்க்கும் சொற்கள்) சேர்த்தால் இது தெளிவாகும். ஆனால் தளத்தின் உள் இணைப்புகளில் யூடிஎம் போடக் கூடாது, வாசகர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தகவலை அது குலைத்துவிடும்.

இப்போது தமிழ்த் தளங்களுக்கே உரிய பகுதிக்கு வருகிறேன்; தேடுபொறி பற்றிய பொதுவான அறிவுரைகள் தொடாமல் விடுவதும், உங்களுக்கு உண்மையில் வருகையைக் கூட்டக்கூடியதும் இதுதான். நம் மக்கள் ஒரே பொருளைத் தமிழ் எழுத்திலும் தேடுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுகிறார்கள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கன்சோலில் எளிய வழி ஒன்று உண்டு. தேடல் சொற்களுக்கான வடிகட்டியில் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்து, [அ-ஹ] என்று மட்டும் தட்டுங்கள். எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோட் அட்டவணையில் அகரம் முதல் ஹகரம் வரை உயிரும் மெய்யும் தொடர்ச்சியாக இருப்பதால், ஒரு தமிழ் எழுத்தாவது உள்ள தேடல்கள் எல்லாம் அதில் சிக்கும். பொருந்தாதவை என்று மாற்றினால் ஆங்கில எழுத்தில் தட்டியவை மட்டும் நிற்கும். இரண்டின் கூட்டுத்தொகை மொத்தத்தை எட்டாது. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கன்சோல் பட்டியலில் காட்டுவதில்லை, வடிகட்டி போட்டவுடன் அவை கணக்கிலிருந்தும் விலகிவிடும்.

அந்தப் பட்டியலைப் பொறுமையாக வாசித்தால் நீங்கள் எழுதும் தமிழுக்கும் வாசகர் தட்டும் தமிழுக்கும் உள்ள தூரம் தெரியும். நீங்கள் “மாடித்தோட்டம்” என்று ஒற்று மிகுத்து எழுதியிருப்பீர்கள். அவர் “மாடி தோட்டம்” என்று இடம்விட்டுத் தட்டியிருப்பார். நீங்கள் “இலைச்சுருள் நோய்” என்றிருப்பீர்கள். அவர் “தக்காளி இலை சுருண்டு போகுது” என்று கேட்டிருப்பார். இதற்காகத் தவறான எழுத்துக்கூட்டலைக் கட்டுரையில் திணிக்க வேண்டியதில்லை, நான் ஒருபோதும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நோயின் பெயரோடு அதன் அறிகுறியையும் வாசகர் சொல்லும் விதத்தில் முதல் பத்தியிலேயே எழுதுவது, எழுத்தாகவும் நல்லது, தேடலுக்கும் நல்லது. நாடுவாரியான பட்டியலையும் பாருங்கள்: இலங்கையிலிருந்து வருவோர் பப்பாளியைப் பப்பாசி என்றும், நிலக்கடலையைக் கச்சான் என்றும் தேடுவார்கள். அந்தப் பெயர்களை ஓரிடத்தில் இயல்பாகக் குறிப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் கூட.

முகவரிகளில் ஒரு பொறி இருக்கிறது. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் இணைய முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிகிறது. “தமிழ்” என்ற சொல் மட்டுமே ஐந்து குறிகள், 45 எழுத்துகள். வேர்ட்பிரஸ் முகவரியின் இறுதிப் பகுதிக்கு 200 எழுத்துகளையே அனுமதிக்கிறது, அதாவது இருபத்திரண்டு குறிகள். தலைப்பை அப்படியே முகவரியாக்கினால் இரண்டு மூன்று சொற்களிலேயே வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சங்கிலியாகத் தெரியும். புதிய கட்டுரைகளுக்கு ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரி கொடுங்கள். பழையவற்றைத் தொடாதீர்கள், நன்றாக ஓடும் பக்கத்தின் முகவரியை அழகுக்காக மாற்றுவது வீண் ஆபத்து. மாற்றியே தீர வேண்டுமானால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் கட்டளை) போட்டு, குறைந்தது ஓராண்டு அதை வைத்திருங்கள்.

பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கட்டுரைகள் இருந்தால் அவற்றையும் சோதியுங்கள். “கௌ” என்ற எழுத்து, ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமுமாகப் பதிவாகியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இயந்திரத்துக்கு அது வேறு சொல். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கோப்புகளின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல் மட்டுமே. அவற்றைத் தமிழில் தேடுவோருக்குக் காட்ட எந்தத் தேடுபொறியாலும் இயலாது.

வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் ஏறும்போது உள்ளடக்கம் இடம் பெயர்வதை அளக்கும் தளவமைப்பு நகர்வு 0.1-க்குள் இருக்க வேண்டும் என்பன கூகுளின் அளவுகோல்கள். பாஸ் ஆகிறீர்களா என்பதை உண்மைப் பயனர்களின் 28 நாள் தரவை வைத்தே கூகுள் சொல்கிறது. கைபேசியில் எடுத்த செடிப் படங்களைச் சுருக்காமல் ஏற்றுவதை நிறுத்தினாலே உங்களைப் போன்ற தளம் பெரும்பாலும் தேறிவிடும். இதற்கு மேல் மதிப்பெண்ணைத் துரத்துவதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

நூறு பேக்லிங்க் தரும் நிறுவனத்தைப் பற்றி: தரவரிசைக்காகப் பணம் கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுளின் ஸ்பேம் கொள்கையில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது; 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுள் தரவரிசை மாற்றம் குறிவைத்தது இவற்றைத்தான். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் திட்டத்தில் மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் நிரலில் மறைவாக வைக்கும் சொற்பட்டியல்) எழுதுவதும் ஒரு வேலையாகப் போட்டிருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009-இல். அந்தப் பணத்தில் மூன்று மாதம் மாடியில் எடுத்த சொந்தப் படங்களும், மண் கலவையின் அளவுகளும், எது பலித்தது எது பொய்த்தது என்ற பதிவும் கொண்ட கட்டுரைகளை எழுதலாம். செயற்கை நுண்ணறிவு விடைகள் முடிவுப் பக்கத்தின் உச்சியைப் பிடிக்கும் காலத்தில், எங்கும் கிடைக்கும் பொதுத் தகவலை இன்னொரு முறை எழுதிய பக்கமே முதலில் கிளிக்கை இழக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை இரண்டு. அனலிட்டிக்ஸின் தரவுச் சேமிப்புக் காலம் இயல்பாக 2 மாதம் என்றே அமைந்திருக்கும். அதை 14 மாதமாக மாற்றுங்கள். கடந்தவற்றை இது மீட்டுத் தராது, இனி வருவதைக் காக்கும். கன்சோலில் 16 மாதத் தரவே நிற்கும் என்பதால், பக்கங்களின் பட்டியலையும் தேடல் சொற்களின் பட்டியலையும் மாதம் ஒருமுறை ஒரு ஷீட்டில் இறக்கி வையுங்கள். அதில் ஒரு நெடுவரிசையில் தீம் மாற்றியது, பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) சேர்த்தது, கோர் அப்டேட் தொடங்கியது என்று தேதியோடு குறியுங்கள். தீமின் பழுதுகளைத் திருத்திய பின் நான்கு வாரம் பொறுத்து, அதே இருபது பக்கங்களை மறுபடி திறந்து பாருங்கள். ஆடிப்பட்டத்துக்கு ஆண்டுதோறும் புதுக் கட்டுரை எழுதுவது உங்கள் வழக்கமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, அதிகக் கிளிக் பெற்ற பழைய கட்டுரை ஒன்றையே அதே முகவரியில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கு ரீடைரக்ட் செய்துவிடுங்கள். கூகுள் வந்து படிக்கவும் வாசகர் விதை வாங்கவும் நாள் வேண்டும் என்பதால், வைகாசி முடிவதற்குள் அந்தக் கட்டுரையைப் புதுப்பித்துவிடுவது நல்லது.